ப்ளோயரை நிறுத்தச் சொன்னேன்

அன்று காலை டேங்குக்குள் ஓர் ஆள் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கிருந்த பயமெல்லாம் இங்கிலீஷைப் பற்றித்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அத்திப்பட்டில் கூலிக்கு இரும்பு தூக்கி, பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டவன். என் கையால் போன டேங்கு ஒன்றுகூட இன்றுவரை ஒழுகியதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட அந்தக் காலத்தில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்கள் வேலையைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரரை அனுப்புவதாகச் சொன்னது. "பேச ஆளெல்லாம் வேண்டாம், நானே பேசிக்கொள்வேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஷெட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று, பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். டீச்சரம்மா பழவேற்காட்டுக்காரர், என் மகள் வயதுதான். 'ஹேவ் மேட்', 'ஹேவ் பீன் மேக்கிங்' இரண்டில் எதை எங்கே போடுவது என்பதிலேயே எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஐயா, இத்தினி டேங்கு செஞ்சிட்டேன்னு எண்ணிக்கை சொன்னா ஹேவ் மேட். இத்தினி வருசமா செஞ்சிக்கினு இருக்கேன்னா ஹேவ் பீன் மேக்கிங். முடிஞ்சத எண்ணுங்க. நடந்துக்கினு இருக்கறதுக்கு நேரம் பாருங்க."

"எண்றது நமக்கு நல்லா வரும் டீச்சரம்மா. நேரம் பாக்கறதுதான் பேஜாரு."

"ஏன், ஓவர்டைம் கேட்டுருவாங்கன்னு பயமா?"

கல்லூரிப் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் இரண்டே வாக்கியங்களை நெட்டுருப் போட்டேன். முந்நூறு டேங்கு செய்திருக்கிறேன் என்பது ஒன்று. பத்தொன்பது வருடமாக இந்த ஷெட்டை நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. குளிக்கும்போதுகூட அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று டேங்குக்குள் இருந்தவன் என் முதல் வெல்டர். அத்திப்பட்டில் என்னோடு இரும்பு தூக்கியவன்; எனக்கு அவன் நைனா. டேங்குக்கு ஒரே வாய்தான், ஆள் தோளைக் குறுக்கி நுழையும் அளவு. வெல்டிங்குக்கு விடும் வாயு உள்ளேயே தங்கி, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். அதனால் வெளியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். அவ்வப்போது சுத்தியலால் சுவரில் ஒரு தட்டு தட்டுவான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

வெள்ளைக்காரர் வந்தார். ப்ளோயர் இரைச்சலில் நான் சொன்னது கேட்காமல் காதில் கை வைத்தார். இத்தனை நாள் உருப்போட்டது வீணாகிவிடுமோ என்று எனக்குப் பகீரென்றது. ப்ளோயரை நிறுத்தச் சொன்னேன்.

ஷெட் அமைதியானது. முதல் வாக்கியம் கணீரென்று வந்தது. வெள்ளைக்காரர் தலையாட்டினார். எனக்குத் தைரியம் பிறந்து, அவரை அங்குமிங்கும் கூட்டிப்போய் பிளேட், பைப் எல்லாம் காட்டினேன். உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. நான் பேசும்போதா இவனுக்குத் தட்டத் தோன்றுகிறது என்று எரிச்சல் வந்தது. இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னேன். மெல்லிசாக இன்னொரு தட்டு. பிறகு சத்தமே இல்லை. நிம்மதியாக இருந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது வெள்ளைக்காரர் டேங்கைக் காட்டிக் கேட்டார்: "ஹவ் லாங் ஹேஸ் ஹி பீன் வெல்டிங் இன் தேர்?"

ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவன் எவ்வளவு நேரமாக உள்ளே வெல்டிங் செய்துகொண்டிருக்கிறான்? அவன் எப்போது உள்ளே போனான் என்று நான் பார்க்கவே இல்லை. அந்த அமைதி அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"ப்ளோயரப் போடுறா!" டேங்கை இரண்டு கையாலும் குத்தினேன். "நைனா! டேய் நைனா!"

சத்தமில்லை. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முகமூடியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் சுத்தியல்.

நான்கு பேர் கயிற்றை இழுத்தோம். ஐந்தாவதாக வெள்ளைக்காரரும் வந்து பிடித்தார். வாயில் தோள் சிக்கி, தோல் உரிந்து, ஒரு வழியாக வெளியே வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் கிடத்தி, சட்டையைக் கிழித்து, நெஞ்சை அழுத்தினோம். செத்துவிட்டான், நான்தான் கொன்றேன் என்றே நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்றும் தெரியாது. பிறகு இருமினான்.

கண்ணைத் திறந்து என்னைத்தான் முதலில் பார்த்தான்.

"இன்னா மொதலாளி, இங்கிலீஷு பேசி முட்ச்சிட்டியா?"

"முட்ச்சிட்டேன்டா."

"மூணு தட்டு தட்னேனே. காதுல வுழலியா?"

"ப்ளோயர் சத்தத்துல கேக்கலடா."

அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

"ப்ளோயர்தான் ஓடலியே," என்றான்.