டாக்டர் ஏறிய தென்னை

என் வாய்க்குப் பயந்து பால்காரர்கூட அளவைக் குறைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட நான் வாயடைத்து நின்றது ஒரே ஒரு மனிதர் முன்னால்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் அவர்.

சைக்கிள் டயர் கிழிந்தால் பழைய ரப்பர் குழாயைச் சுற்றிக்கொண்டு உட்லண்ட்ஸ் தோட்டங்கள் வரைக்கும் மிதிப்பார். பையில் மருந்து என்று பெரிதாக எதுவும் இருக்காது. கத்தி, ஊசி, மெல்லிய குழாய், கொஞ்சம் ஸ்பிரிட், அவ்வளவுதான். கரித்தூளையும் கொய்யாக் கொழுந்தையும் வைத்தே எத்தனை பேரை எழுப்பி உட்கார வைத்தார்! எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். பெரிய இடத்துப் பிள்ளை என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. மூன்று நாளாக வாந்தியும் பேதியும். கண் உள்ளே போய்விட்டது, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தார். டாக்டர் நாடியைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, ஒரு இளநி கிடைக்குமோ? எடுத்து வையுங்கோ. நான் ஊசியை அவிச்சுக்கொண்டு வாறன்."

பாவம், வெயிலில் வந்த மனுஷன், தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் கெஞ்சி அவர்களிடம் இருந்த ஒரே இளநீரை வாங்கினேன். சீவி, வெள்ளி டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஐயோ, வெட்டிப்போட்டீங்களோ! எனக்கில்லை, பிள்ளைக்கு. மூடின காய்க்குள்ள இருக்கிற தண்ணியிலதான் கிருமி இல்லை. சலைனுக்குப் பதிலா நரம்புக்குள்ள ஏத்தப் பாத்தன். திறந்தது உதவாது."

வந்தவருக்குக் குடிக்கக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் யாரையும் வேலை வாங்குவதில்லை. அந்த வழக்கத்தைத் தூக்கி உடைப்பில் போட! என் கையாலேயே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தென்னை காய்த்திருந்தது. அதில் ஏறுகிற ஆளைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மழையில் மரம் பாசி பிடித்து வழுக்கியது. கூடியிருந்த ஆண்பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டாக்டரும் சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். மார்பிலும் கைகளின் உள்பக்கத்திலும் காய்த்துப்போன பழைய தழும்புகள். மாட்டுக் கயிற்றை முறுக்கிக் காலுக்குத் தளை போட்டார், மரத்தைக் கட்டிப்பிடித்தார், ஏறினார். ஐம்பது வயது மனுஷன் ஐயா அவர்! தரையில் நடப்பவர்போல விறுவிறுவென்று போனார். நான் வாயடைத்து நின்றது அப்போதுதான். இரண்டு காயைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

உள்ளே வந்து காயை ஓடு தெரிய உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் கண்ணில் ஊசியைக் குத்தி, குழாயை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார். என் மடியில் கிடந்த குழந்தையின் காலில் நரம்பைத் தேடிப் பிடித்தார். தேங்காய்த் தண்ணீர் என் பிள்ளையின் ரத்தத்துக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முன்னறையில் குடியிருந்த, ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக் கிராணி மரத்தடியிலிருந்து வந்து வாசலில் நின்றார். அவர் குழந்தைகளுக்கும் இவர்தான் டாக்டர்.

"ஏறின விதத்திலயே ஆற்ற ஆக்கள், என்ன சாதி எண்டு விளங்கிப்போச்சு. இத்தனை வருசம் எங்களை ஏமாத்திப்போட்டார். இனி என்ர படி மிதிக்க வேண்டாம்."

மரமேறுகிற வீட்டுப் பிள்ளையை அவர்கள் ஊரில் வாசலுக்குள் விட மாட்டார்களாம். அவர் மறைத்து வைத்திருந்தது அதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டது தெரிஞ்சுதான் ஏறினனான்" என்றார். பிறகு என்னிடம், "தங்கச்சி, பிள்ளைக்குச் சலம் போனால் பயமில்லை. கவனியுங்கோ."

இரண்டாவது காயும் பாதி இறங்கிய பிறகு என் மடி சூடாக நனைந்தது.

"டாக்டர், ஒண்ணுக்குப் போயிட்டான்! என் சேலையெல்லாம் நனைச்சுட்டான்!" என்று தெருவே அதிரக் கத்தினேன்.

அவ்வளவு உயர மரத்தில் நடுங்காத மனிதர், அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.