அத்தையின் உள்ளங்கை

காரைக்காலில் ஆபீஸ் வேலை பார்த்த அப்பாவுக்கு இங்கிலீஷ் பைத்தியம். அந்த ஐப்பசியில் அவர் பிடித்துக்கொண்டது, 'கை' என்ற சொல் வருகிற இங்கிலீஷ் மரபுத் தொடர்களை. தேடித் தேடி ஒரு நோட்டில் எழுதி, எங்கள் ஊர் குரும்பகரத்துக்குப் பஸ்ஸில் கொண்டுவந்து என் தலையில் கட்டுவார். அர்த்தம் மட்டும் சொன்னால் விடமாட்டார், அது பிறந்த கதையையும் ஒப்பிக்க வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று அம்மா கேட்டால், "உனக்கென்ன தெரியும்?" என்பார்.

எனக்குப் பிடித்தது 'ரெட் ஹேண்டட்'. அடுத்தவன் ஆட்டைத் திருடி அறுத்தவன் கையில் ரத்தம் காயாமல் இருந்தால், வேறு சாட்சியே வேண்டாமாம். நாம் கையும் களவுமாக என்கிறோமே, அதுதான். யாரையாவது அப்படிப் பிடித்துவிட வேண்டுமென்று எனக்கு ஒரே துடிப்பு.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மருதாணி அரைப்பது அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அரைத்து வைத்துவிடுவாள். தான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அம்மியில் அரைக்கிற விரல் எப்படியும் சிவக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் காலை, முறுக்குச் சுற்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். அப்பாவும் லீவில் வீட்டில் இருந்தார். அத்தை ஒரு கையாலேயே வேலை செய்துகொண்டிருந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. நான் விடுவேனா? இழுத்து விரித்தேன். உள்ளங்கை நடுவில் எட்டணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் ஆறு பொட்டு.

"அப்பா! ரெட் ஹேண்டட்!"

"அரைக்கிறப்ப பட்டிருக்கும், சும்மா இருடி," என்றாள் அம்மா அவசரமாக.

"அரைச்சா இப்படி வட்டமா வருமாம்மா? எண்ணிப் பாருங்க, ஆறு பொட்டு!" அந்தக் கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, ஆட்டுக் கதையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

முறுக்குச் சுற்றிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லாத்தான் செவந்திருக்கு," என்றாள் ஒருத்தி. அத்தை கையை உருவிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். புளியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெரி குட் சொல்வார் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இவ்வளவு சரியாகப் பிடித்துக் கொடுத்தும் பாராட்ட ஆளில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவள் திருடிய ஆடு யாருடையது என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

அடுத்த தீபாவளிக்கும் அத்தைதான் அரைத்தாள், இரண்டு கையிலும் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு. ஏன் அத்தை என்று கேட்டேன்.

"மருதாணி பட்டா அரிக்குதும்மா."

அப்படியே நம்பிவிட்டேன். நம்பிக்கொண்டு என் கையை நீட்டினேன். ஈர்க்குச்சியால் தொட்டு, நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் ஆறு பொட்டும் வைத்துவிட்டாள்.