ஆயிரம் பூட்டுப் போட்ட மனு

கள்ளக்குறிச்சியில் எனக்கு மனு அடித்தவர் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். கடையில் பழையதும் புதியதுமாக இரண்டு கம்ப்யூட்டர்கள். அடித்த மனுவுக்கு யாரும் திறந்து படிக்க முடியாதபடி பாஸ்வேர்டு வைத்து இரண்டிலும் ஆயிரம் முறை ரகசியப் பூட்டுப் போட்டு, எது வேகம் என்று பந்தயம் விடுவார். நாட்டுக்கு ரொம்ப அவசியமான வேலை.

நான் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். ஒரு மணிக்குள் என் பட்டா மனுவைக் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும்.

"புதுசு உடனே பூட்டிடுச்சு ஆயா! பழசுக்குக் கால் மணி ஆவுது பாருங்க."

"சரிங்க, தொறந்து குடுங்க."

அவர் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார்; திறக்கவில்லை. பந்தய அவசரத்தில் பாஸ்வேர்டாக எதையோ தட்டிவிட்டாராம், என்னவென்று நினைவில்லையாம். மற்றவர்களுக்குத் தாளில் எடுத்த பிறகுதான் பூட்டுவாராம். எனக்குத் தனி மரியாதை, முதலிலேயே பூட்டிவிட்டார்.

இனி அவரை நம்பாமல் வெள்ளைத்தாள் வாங்கி, என் கோணல் எழுத்தில் நானே எழுதினேன். நிமிர்ந்தால் மனிதர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நிமிஷம் ஆயா. பழசை நீங்க ஜெயிச்சிட்டீங்க."

மனுவை நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர் பாராட்டினாரா, கேலி செய்தாரா, இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அந்தப் பதினோரு நிமிஷத்தை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.