பின்னறை இல்லாத படம்

"புதிய கூடம் கட்டப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு, காலை பத்து மணி" என்று எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு எந்தப் பொம்பளை ஊரில் இருப்பாள்? ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்போம். ஒட்டியவருக்குத் தெரியாது, சரி. ஊர்ப் பெரியவர்களுக்குமா தெரியாது?

கூடம் பழசு. கூரையில் கம்பி தெரிகிறது, மழை வந்தால் உள்ளேயும் மழைதான். இடித்துக் கட்டட்டும், யார் வேண்டாம் என்றது? எனக்கு வேண்டியது அதன் பின்னறை. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அந்த அறையில்தான் கரையேறியதும் ஈரப் புடவையை மாற்றுவோம். வீட்டுக்குப் போய் வருவதற்குள் ஆரம்பாக்கம் பஸ் போய்விடும். ஈரத்தோடு ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். அப்புறம் இறாலை யாரிடம் விற்பது?

முந்தின நாளே என் வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "பின்னாடி ரூம மட்டும் கேளுய்யா. வேற ஒண்ணும் வாணாம்."

"சரிம்மே, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாள் தெரிந்தது!

எங்கள் ஊரில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று கூடத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு உள்ள ஆம்பளைக்குத்தான் அங்கே பேச்சு, வீட்டுக்கு ஒரு கை. தலைவர் "சம்மதமா?" என்றால் எல்லாக் கையும் மேலே போகும். கட்டடத்துக்கும் அதே பழக்கத்தில் தூக்கிவிட்டார்கள், மடையர்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்று ஏரிக்கு வராத என் நாத்தனார், கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கரைக்கு ஓடிவந்து கத்தினாள். "அண்ணி, புதுக் கட்டடத்துப் படத்துல பின்னாடி ரூமே இல்ல! அண்ணனும் கையத் தூக்கிட்டாரு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிடித்த இறாலை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தேன். பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள். சேறும் தண்ணீருமாகக் கூடத்துக்குள் ஏறினோம். மேஜையில் விரித்திருந்த படத்தை, கருத்துக் கேட்க வந்திருந்த அதிகாரி அவசரமாகச் சுருட்டினார், நனைந்துவிடுமாம்.

"ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களேம்மா" என்றார்.

"எல்லாரும்னா யாரு சார்? நாங்க இன்னா மரமா?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலைவர்தான் எழுந்தார். "இன்னாம்மா இது, சபையில ஈரத்தோட வந்து நிக்கிறீங்க?"

அதிகாரியும் சேர்ந்துகொண்டார். "ஆமாம்மா, போய்ப் புடவைய மாத்திக்கிட்டு வாங்க, பேசலாம்."

"எங்க சார் மாத்திக்கறது?" என்றேன். "அத்த உங்க படத்துல காட்டுங்க, போறோம்."

அவர் படத்தை விரிக்கவில்லை. எங்கள் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் நகரவில்லை.