நாடகத்தில் இல்லாத பிள்ளை

சின்ன வயதில் நான் பார்த்த ஒரு சென்னைத் தயாரிப்பாளரின் பழைய தொலைக்காட்சி நாடகங்கள் எல்லாவற்றையும் இப்போது கைபேசியிலேயே பார்க்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பகுதியும் விடாமல் வரிசையாக ஏற்றி வைத்திருக்கிறார். வேலை முடிந்து வந்து, வவுனியாவில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், கடையில் வாங்கிய இடியப்பப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு பகுதி பார்க்கிறேன். பக்கத்து அறைப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்னக்கா, ஆதி காலத்து அழுகை நாடகம்" என்று சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும். எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. யாராவது ஒரு கதவைத் திறந்தால் மூன்று முறை திறக்கிறார்கள். ஒரு கன்னத்தில் விழுந்த அடிக்கு வீட்டில் உள்ள பத்துப் பேரும் முறை வைத்துத் திடுக்கிடுகிறார்கள். ஆனால் நான் பார்ப்பது கதைக்காக அல்ல. அதில் ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் அதில் இல்லை என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் குடும்பம் கொண்டுவந்த சாமான்களில் பாதி வழியில் உடைந்துபோனது. உடையாமல் வந்து சேர்ந்தது நாடகப் பைத்தியம் மட்டும்தான். பெரியப்பா முதலில் வீட்டுக்குக் கூரை போட்டார், இரண்டாவதாக டிஷ் பூட்டினார், கக்கூசு மூன்றாவதாகத்தான் வந்தது. கச்சான் காற்றுக்கு டிஷ் திரும்பிவிடாமல் வலைக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார். தோணியைக்கூட அவர் அவ்வளவு கவனமாகக் கட்டியதில்லை.

அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு மாலையில் மூன்று நாடகங்கள் ஓடும். தொடக்கத்தில் ஒரு வெண்கல மணி ஆடும். அது அவருடைய கம்பனியின் அடையாளம். மணிச் சத்தம் கேட்டால் எங்கள் ஒழுங்கையில் நடமாட்டம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அதற்கு முன்பாகச் செபமாலை முடிந்தாக வேண்டும். பெரியம்மா ஐந்து தேவரகசியங்களில் முதலாவதை நிறுத்தி, நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார். மூன்றாவதில் ஒரு கண் திறக்கும். ஐந்தாவதை நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரிச் சொல்லி முடிப்போம். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூன்று நாடகங்களிலும் ஒரே மாடிப்படிதான் வரும். ஒன்றில் மாமியார் அதில் இறங்குவார், அடுத்ததில் வக்கீல் ஏறுவார், மூன்றாவதில் யாராவது கட்டாயம் உருண்டு விழுவார்கள். தயாரிப்பாளர் தன் பெரிய வீட்டைக் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு முறை வைத்துக் குடியிருக்கக் கொடுக்கிறார் என்று நான் நம்பினேன். நல்ல மனிதர் என்று அவருக்காகச் செபமும் செய்திருக்கிறேன்.

நடு நாடகம்தான் அம்மாவுக்கும் எனக்கும் உயிர். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவள் ஒருத்தி, தான் கல்யாணம் கட்டாமல், தம்பி தங்கைகளைக் கரை சேர்க்கப் பாடுபடுகிற கதை. அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டு பார்ப்பேன். மூத்தவள் அழும்போது அம்மாவின் வயிறு லேசாகக் குலுங்குவது என் காதுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்பா இல்லை. முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, என்னைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு அம்மா கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருட ஒப்பந்தம்.

பெரியம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் சிக்கல். குறை இருந்திருந்தால் சொல்லி அழுதிருக்கலாம். பெரியம்மாவுக்குத் தன் பிள்ளைகள் மூன்று, அதோடு விடிந்தால் பொழுதுபட்டால் கருவாட்டு வேலை. என் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு எப்போதும் இருந்தது. ஆனால் நான் சாப்பிட்டு முடித்தேனா என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. என் தலையை நானே இழுத்து இரட்டைப் பின்னல் போடப் பழகினேன். இடது பக்கம் எப்போதும் கோணும்.

அம்மா வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கட்டாரிலிருந்து ஃபோன் எடுப்பார். கடல் பக்கமாக நின்று பேசினால் எங்கள் ஃபோனின் சிக்னல் தன்பாட்டில் இந்தியாவுக்குப் போய்விடும். திரை "இந்தியாவுக்கு நல்வரவு" என்று வரவேற்கும். ஆகையால் பெரியம்மா பேசி முடித்ததும் நான் வீட்டுப் பின்புறம், கிணற்றடிக்கு ஓடுவேன். ஓடிப் போய் நின்றும் என்ன பேசுவது என்று தெரியாது.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"பள்ளிக்கூடம் போனனியோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அம்மா இல்லாமல் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லச் சொல் இருக்கவில்லை. அப்படியான நாலாவதோ ஐந்தாவதோ வெள்ளியில்தான் அம்மா கேட்டார்.

"சரி, நாடகத்தில என்ன நடந்தது?"

என் வாய்ப்பூட்டு அன்றைக்குக் கழன்றது. திங்கள் தொடங்கி வியாழன் வரை மூத்தவள் பட்ட பாட்டை ஒரு கண்ணீர் குறையாமல் சொன்னேன். யார் என்ன நிறச் சீலை, யார் படியில் நின்று ஒட்டுக் கேட்டது, எந்த இடத்தில் 'தொடரும்' போட்டார்கள், எல்லாம். அம்மா இடையிடையே "பிறகு?" என்று கேட்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் கிழமை முழுவதும் கண் இமைக்காமல் நாடகம் பார்த்தேன்.

அப்படி எட்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை நாடகம் முடிந்துவிட்டது. தம்பி தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது, மூத்தவள் மாடிப்படியில் தனியே உட்கார்ந்து சிரித்தாள், 'முற்றும்' போட்டார்கள். பெரியம்மா சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். வியாழக்கிழமை மணி ஆடியது, அதே படியில் வேறு யாரோ இறங்கினார்கள். பெரியம்மா ஒரே நாளில் அந்தக் குடும்பத்துக்கு மாறிவிட்டார். என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கேட்டால் என்ன சொல்வேன்? நாடகம் முடிந்துவிட்டது என்றால் நாங்கள் மறுபடியும் "சாப்பிட்டனியோ", "ஓம்" என்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

"நாடகத்தில என்ன நடந்தது?" என்று அம்மா வழக்கம் போலக் கேட்டார்.

நான் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, மூத்தவளின் கடைசித் தங்கையின் மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்றேன்.

"ஐயோ. பிறகு?"

அவ்வளவுதான். தயாரிப்பாளர் கைவிட்ட குடும்பத்தை நான் பொறுப்பெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கஷ்டங்களை யோசித்து வைப்பேன். மூன்று நாலு கிழமையில் கஷ்டங்கள் தீர்ந்து போயின. ஒன்பது வயதில் எவ்வளவுதான் தெரியும்? வேறு வழியில்லாமல் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தேன். தாய் பம்பாயில் வேலைக்குப் போய்விட்டதால் மூத்தவள் வீட்டில் வந்து நிற்கிற பிள்ளை.

"எவ்வளவு பெரிய பிள்ளை?" என்று அம்மா கேட்டார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"என்னளவு."

"அவளை நல்லாப் பாக்கினமோ?"

"ஓம். ஒரு குறையும் இல்லை. கடைசிப் படியில இருந்து தனியச் சாப்பிடுவாள்."

அதற்குப் பிறகு அம்மாவுக்கு மூத்தவளின் நினைப்பே இல்லாமல் போனது. ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பிள்ளையின் கதைதான். அவளுக்குத் தலை ஆர் இழுக்கிறது? தானே இழுக்கிறாள், இடது பக்கம் கோணும். இரவில் பயப்படுகிறாளோ? ஓம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் பயமில்லை. தாயை நினைக்கிறாளோ? நினைக்கிறாள், ஆனால் தாயின் முகம் சில நேரம் வருவதில்லை. இதற்கெல்லாம் எனக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. பதில்கள் தாமாக வந்தன. கதை சொல்வதில் கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை கனநாள் நிலைக்கவில்லை. நான் கோயிலில் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, எடுக்கும் நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை. அம்மா அனுப்பிய வெள்ளைத் துணியில் மூன்று அடுக்குச் சுருக்கு வைத்துச் சட்டை தைத்து வந்திருந்தது. தலைக்கு வைக்கப் பூ முடியும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஃபோனைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

"அம்மா, சட்டை வந்திட்டுது. மூண்டு சுருக்கு..."

"ஓம் செல்லம், சொல்லு. முதல்ல அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ? போன கிழமை சொன்னனியெல்லோ."

போன கிழமை காய்ச்சல் எனக்குத்தான் வந்தது. நாடகத்துக்கு வேறொன்றும் அகப்படாததால் அவளுக்குக் கொடுத்திருந்தேன். இப்போது என் காய்ச்சலையும் எடுத்துக்கொண்டு, என் சட்டையையும் முந்திக்கொண்டு நிற்கிறாள். எரிச்சல் தலைக்கு ஏறியது. பெற்ற பிள்ளை இங்கே கிணற்றடியில் நிற்க, நான் உண்டாக்கிய ஒருத்திக்கு என் தாய் உருகுகிறார்.

"அவள் இல்லை" என்றேன்.

"இல்லையெண்டா?"

"காணேல்லை. போயிட்டாள்."

அம்மா உடனே கேட்டார்.

"எங்க போனவள்? கடைசியா ஆர் கண்டது?"

"பியரடியில தனிய நிண்டவளாம்."

சென்னையில் நடக்கும் நாடகத்துக்குள் தலைமன்னார்ப் பியர் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. கப்பல் வராத அந்தப் பழைய இறங்குதுறைதான் எனக்குத் தெரிந்த உலகத்தின் கடைசி இடம். நானும் சில பின்னேரங்களில் அங்கே போய் நிற்பேன். அம்மாவும் பியர் எங்கே வந்தது என்று கேட்கவில்லை.

"தேடினவையோ?"

"இல்லை."

"ஏன் தேடேல்லை?"

"எல்லாருக்கும் வேலை கிடக்கு அம்மா."

மறுபக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். "பெரியம்மாட்டைக் குடு" என்றார். என் சட்டையைப் பற்றிச் சொல்ல முடியாமலே போனது. பெரியம்மா கருவாட்டுக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தோளில் ஃபோனை இடுக்கிக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "கொம்மாவுக்கு என்ன விசரோ? உன்னைப் பியரடிக்கு விடாதை, விடாதை எண்டு கத்துறாள்."

அடுத்த நாளும் அம்மா ஃபோன் எடுத்தார். அதற்கு அடுத்த நாளும் எடுத்தார். நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. ஆறு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், ஒரேயொரு பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் கிடந்தது.

"ஏனடி முடிக்காமல் வந்தனி?" என்று பெரியம்மா வாசலிலேயே கேட்டார்.

"எனக்கு அங்க ஏலாமல் போச்சு அக்கா."

அம்மா வேலை செய்த வீட்டுக் குசினியில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. சமையலுக்கு நின்ற தமிழ்நாட்டுப் பெண் அந்த மணிச் சத்தத்தை ஒரு நாளும் விடமாட்டாளாம். இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பார்களாம். மூத்தவளின் நாடகம் முடிந்த புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்களாம். இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னது பல வருடங்கள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக. நான் கிணற்றடியில் நின்று சொன்ன ஒவ்வொரு கதையும் அவர் பார்த்துவிட்டு வந்து கேட்ட கதை; பார்க்காதது நான் உண்டாக்கிய கஷ்டங்களும் அந்தப் பிள்ளையும் மட்டும்தான். அன்றைக்கு வெங்காயம் எங்கள் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது அவர் தலைமன்னாரில் இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன், ஃபோனில் பேசினால் சாப்பிட்டாயா என்று கேட்பார். ஓம் என்பேன். "பிறகு?" என்று கேட்க ஆளில்லாமல் நாடகம் பார்ப்பது தண்ணீர் விடாய்க்கு உப்புத் தின்பது மாதிரித்தான் இருக்கிறது.

ஆனால் அம்மா வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. என் கவலை வேறு. செபமாலை முடியும், மணி ஆடும், மூத்தவளுக்குப் பதிலாக வேறு யாரோ படியிறங்குவார்கள், என் பொய் பிடிபடும். ஐந்தாவது தேவரகசியத்தை அன்றைக்கு நான் ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

மணி ஆடியது. புது நாடகத்தின் பாட்டு தொடங்கியது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என்னை முன்னால் இருத்தி, கோணல் பின்னலை அவிழ்த்து, எண்ணெய் வைத்துத் தலை இழுக்கத் தொடங்கினார். இழுத்துக்கொண்டே அந்தப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார், ஒரு இடமும் பிசகாமல். அந்தத் தயாரிப்பாளரின் பாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரித்தானே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பெரியம்மா நாடகத்துக்குள் மூழ்கியதும் அம்மா குனிந்து என் காதுக்குள் கேட்டார்.

"அந்தப் பிள்ளை கிடைச்சிட்டாளோ?"

நான் அவசரமாக யோசித்தேன். "ஓம். கிடைச்சிட்டாள்."

"ஆர் தேடினது?"

"தாய் வந்தவ."

என் கழுத்தில் சூடாக ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பாவம் அம்மா என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் விமானத்தில் வந்தவர், வந்ததும் வராததுமாக, இல்லாத ஒரு பிள்ளைக்காக அழுகிறார். அப்படி ஒருத்தி கிடையாது, அழாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொன்னதற்கு அடி விழும் என்ற பயத்தில் சொல்லவில்லை.