சீடி அட்டையில் இருந்த வெள்ளைக்காரி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டியில் நாலு சிங்களப் பையன்கள் சேர்ந்து ஒரு மெட்டல் இசைக்குழு நடத்தினார்கள். கிட்டார் இரைச்சலுக்கும் ஆண்குரல் உறுமலுக்கும் மேலே வயலின்களும் கூட்டுக்குரல்களும் ஏறி வர, நடுவில் ஒரு பெண் குரல் உச்சத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கான்வென்ட் பாடகர் குழுவில் லத்தீன் பாட்டெல்லாம் பாடிப் பழகிய சைவப் பெண்ணான நான் அவர்கள் கண்ணில் பட்டேன். அப்போது டவுனில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். வாயும் நீளம், கோபமும் மூக்குக்கு மேலே.

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் கீபோர்ட் வாசிப்பவனின் அறைதான் எங்கள் ஸ்டூடியோ. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும். முதல் நாள் அவர்கள் வாசித்ததைக் கேட்டு, இது பாட்டா, கல்லுடைக்கிற மெஷினா என்று விழித்தேன். ஆனால் அந்த இரைச்சலுக்குள் முங்காமல் என் குரல் மேலே மேலே போனபோது உடம்பு சிலிர்த்தது. இது கோயில் பாட்டா, சாவுப் பாட்டா, எனக்குப் பிடித்திருக்கிறதா, பயமாக இருக்கிறதா, ஒன்றும் புரியவில்லை. புரியாமலேயே ஒரு முழு ஆல்பம் பாடி முடித்தேன். அம்மா ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "ஒங் கொரலு நல்லாத்தான் இருக்கு. பின்னால யாரு புள்ள அப்படி ஏசுறது?" என்றாள்.

முதல் சீடி ஒரு வியாழக்கிழமை கைக்கு வந்தது. அட்டையில் இடிந்த கோட்டை, நிலா, முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். பின்பக்கம் திருப்பினேன். பையன்கள் நால்வர் பெயரும் இருந்தது. பாடியவள் என்ற இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் பெயர்.

கீபோர்ட்காரனுக்குப் போன் எடுத்து, தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். தமிழ்ப் பெயர் போட வெட்கமா என்று கேட்டேன். "எனக்கு வேற வழி இருக்கல்ல, தங்கச்சி" என்று சிங்களத்தில் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கிழமை வெளியீட்டு விழா. அந்த வெள்ளைக்காரியையே கூட்டி வந்து பாட வையுங்கள் என்று போனை வைத்தேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது; பெயர் மாறியதை நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், பள்ளிக்கூடப் புத்தகமோ சைக்கிள் சாவியோ, முதலில் பிள்ளையார் காலடிக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தேங்காய், பழம், வெற்றிலைக்கு நடுவே சீடியை வைத்து அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குக் கிளம்பி முன்னால் நடந்தாள். அப்பாவும் வந்தார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அம்மா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். யாழ்ப்பாணத்து ஐயர் சீடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை பாடினது எண்டு சொன்னியள். இதிலை வேறை பேர் கிடக்கே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க சாமி மாத்தச் சொன்னேன்."

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பஸ் ஏறிப் பல்லேகலைக்குப் போய், அந்தப் பையனைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். என்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கியிருக்கிறார்.

"ஏம்ப்பா? எம் பேருக்கு என்ன கொறச்சல்?" கோயிலென்றும் பாராமல் கத்தினேன்.

"கலவரத்துல போர்டுல இருந்த தமிழ்ப் பேர வாசிச்சுத்தான் புள்ள நம்ம கடைக்கு நெருப்பு வச்சாங்க. இந்த அட்ட எத்தன கைக்குப் போகும்? வாசிக்கிறவன் எல்லாம் பாட்டுக் கேக்கிறவனா?"

கலவரத்துக்குப் பிறகு அப்பா எடுத்த கடைக்குப் போர்டே கிடையாது. அதைக் கஞ்சத்தனம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அட கடவுளே! இனி யார்மேல் கோபப்படுவது? ஏச்சு வாங்கியும் வாய் திறக்காத அந்தப் பையன் மேலா, இவர் மேலா? அழுகைதான் வந்தது. ஆனாலும் விட மனமில்லை.

"பாடினது நான். எம் பேரு வேணும்ப்பா" என்றேன்.

"அப்ப ஆற்றை பேருக்கு அர்ச்சனை செய்யிறது? பிள்ளையின்ரை பேருக்கோ, இதிலை கிடக்கிற பேருக்கோ?" என்றார் ஐயர்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் பண்ணுங்க சாமி. நட்சத்திரம் ஒண்ணுதான்."

ஐயர் முதலில் வெள்ளைக்காரியின் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, என் பெயர். அப்பா சாமியைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.