அப்புத்தளை மூடுபனியில் ஒரு கறுப்புக் கோடு

2004 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பதுளையிலிருந்து என் பழைய வான் வண்டியில் புறப்பட்டோம். நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்தான். பக்கத்தில் பாருக், பசாரில் ரேடியோ திருத்துகிறவர். அவர் மடியிலிருந்த பிஸ்கட் டின்னுக்குள் நாங்கள் மாதக்கணக்காகப் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி: ஒரே பலகையில் அமைந்த சின்னக் கணினி, செய்மதிச் சமிக்ஞை வாங்கும் கருவி, உள்ளங்கையளவு திரை. அதில் வரைபடம் எதுவும் கிடையாது. நாம் போன வழியைக் கறுப்புக் கோடாக வரையும், நாம் நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும், அவ்வளவுதான்.

பண்டாரவளையில் தேநீர் குடித்துவிட்டு, அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறினோம். பாதை முடியும் இடத்திலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயம்வரை கோடு அறுபடாமல் வந்தது. பாருக் தன் பிள்ளை நடந்ததைப் பார்த்தவர்போலச் சிரித்தார்.

திரும்புவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. வானின் மூக்கே தெரியவில்லை. பனி கலையட்டும் என்று நின்றபோது செல்வம் என்ற தொழிலாளி ஓடிவந்தார். மனைவி லெச்சுமிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம். தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருக்கிறதாம்.

"தியத்தலாவ ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. பனி வெலகுற வரைக்கும் தாங்காது" என்றார்.

நான் பாருக்கைப் பார்த்தேன். அவர் டின்னைப் பார்த்தார்.

லெச்சுமியைப் பின்னிருக்கையில் படுக்கவைத்தோம். ஏறிவந்த கோட்டிலேயே இறங்கினோம். பாதையின் விளிம்பைக் கருவி காட்டாது. அதைச் செல்வம் கதவுக்கு வெளியே தலை நீட்டிப் பார்த்துச் சொன்னார். வரப்போகும் வளைவைப் பாருக் சொன்னார். "மெதுவா, மாஸ்டர். சோத்துக்கைப் பக்கம் பெரிய வளைவு."

யூக்கலிப்டஸ் மரங்களுக்குள் புள்ளி அசையாமல் நின்றுவிட்டது. செய்மதி கிடைக்கவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

"ஏங்க, பொட்டிக்கும் வலி வந்திருச்சா?" என்று லெச்சுமி பின்னாலிருந்து கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட கேள்விதான். ஆனாலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். பாருக் டின்னையும் அதன் ஏரியலையும் தூக்கிக்கொண்டு வானுக்கு முன்னால் நடக்க, நான் பின்னால் ஊர்ந்தேன். மரங்கள் விலகிய இடத்தில் புள்ளி மறுபடி நகர்ந்தது.

அன்று மாலை நாலரைக்கு ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

செல்வம் எங்களுக்குப் பால் விடாத பிளேன்டீ வாங்கித் தந்தார். திரையைக் காட்டச் சொல்லி, கோட்டின் மேல்நுனியில் விரலை வைத்தார்.

"இதுதான் எங்க லயமா? காயிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தாங்க வரும். லயத்துக்குன்னு வெலாசம் கெடையாது. இதுல பேரு போடலாமா?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு அது இருக்கும் ஒழுங்கையின் பெயரும் இலக்கமும் உண்டு. அதை ஒரு பேறாக நான் அதுவரை நினைத்ததில்லை. பாருக் விசைப்பலகையைச் செருகி, என்ன பெயர் என்று கேட்டார். செல்வம் தன் பெயரைச் சொல்லவில்லை.

"லெச்சுமி வீடுன்னு போடுங்க."

தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்தில் அடித்தோம். அந்த மலை முழுவதற்கும் எங்கள் திரையில் இருந்த ஒரே பெயர் அதுதான்.